சேர்வராயன் மலையில் நண்பருடன் ஒரு நாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் பள்ளித் தோழரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்வராயன் மலைக்கென்று ஒதுக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் சேலத்தில் இருப்பதால், திங்கட்கிழமை அலுவலகத்திலும் தெருவிலும் யாராவது ஒருவர் இதைப் பற்றி விசாரிக்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பகுதி பகுதியாக நடக்கிறோம் என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

ஏற்காட்டைச் சுற்றிக் காபித் தோட்டங்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவே செல்லும் வளையச் சாலை ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதை ‘லூப் ரோடு’ என்றே சொல்கிறார்கள். அதன் நீளம் 32 கி.மீ. வண்டியில் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிற இந்தச் சுற்றையும், இதிலிருந்து நாகலூர், மஞ்சகுட்டை, கரடியூர், செம்மநத்தம் போன்ற ஊர்ப்பக்கம் பிரியும் பாதைகளையும், ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று எடுத்து நடப்பதைத்தான் பகுதி நடை என்கிறோம். இன்று எந்த இடத்தில் முடிக்கிறோமோ, அடுத்த மாதம் அந்த இடத்தில் தொடங்குவோம்.

முழுச் சுற்றையும் ஒரே நாளில் நடந்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 32 கி.மீ. நடக்கிறவர் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் பார்ப்பது தன் கால் விரல்களை மட்டுமே. இந்த மலைத்தொடர் ஏறத்தாழ 400 சதுர கி.மீ. பரந்தது. அதை ஒரே நாளில் விழுங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதன்முதலாக நானும் என் நண்பனும் போகிறோம். எங்கே தொடங்குவது?

ஏற்காடு ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை சென்று திரும்புங்கள். ஒரு வழி ஐந்து, ஆறு கிலோமீட்டர் இருக்கும், பாதை தவறுவதற்கு வாய்ப்பே இல்லை, ஏற்றமும் மெல்லியது. கோயில் இருக்கும் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரங்கள் அடர்ந்த வழியே வந்தவர்களுக்கு, மேலே புல் மூடிய வெட்டவெளியாக அது திடீரென்று விரிவது வியப்பாக இருக்கும். குகைக்குள் குனிந்து சென்றுதான் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் வணங்க வேண்டும். அந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவின்போது சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடிவிடுகின்றன. நடப்பதற்காகப் போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம், திருவிழா பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாள்களிலேயே போகலாம்.

எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி ஒன்று இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எடுத்துக்காட்டாக, 12 கி.மீ. தூரமும் மொத்தம் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்குத் தூரத்துக்காக 2 மணி 24 நிமிடமும் ஏற்றத்துக்காக 40 நிமிடமும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வருகிறது.

ஆனால் அந்த விதி குளிர்நாட்டில், பழக்கப்பட்ட கால்களுக்காக எழுதப்பட்டது. நம் வெயிலுக்கும் நம் உடம்புக்கும் விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதே என் அனுபவம். மேலே சொன்ன மூன்று மணி நேரம் அப்போது நாலரை மணி நேரமாகும். சாப்பாட்டுக்கும் உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால் ஐந்தரை. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பகல் 12.30க்குள் முடிந்துவிடும். இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதி இருவர் சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகளில் இது மீண்டும் தேவைப்படும்.

எந்த மாதம் போவது நல்லது?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கின்படி ஏறத்தாழ 8 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். அந்த மாதங்களில் காபிப் பழம் பறிப்பும் நடக்கும். செடி செடியாகச் சிவந்து கிடக்கும் பழங்களையும், இடுப்பில் கூடை கட்டிய பெண்கள் சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுப்பதையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மழை அதிகம். பாதை வழுக்கும், அட்டை ஏறும், மலைச்சாலையில் மண் சரியக்கூடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. ஆகவே டிசம்பர் என்றாலும் புயல் எச்சரிக்கை இருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம். மார்ச், ஏப்ரலில் வெயில் இருந்தாலும் ஒரு பரிசு உண்டு: கோடையின் முதல் நல்ல மழை விழுந்த எட்டு, பத்து நாளில் காபி பூக்கும். மூன்று நாளுக்கு மேல் நிற்காத அந்தப் பூவின் மணம் மல்லிகையை ஒத்தது. தோட்டம் முழுக்கக் கொம்புகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்த வாரத்துக்காகவே நாங்கள் ஆண்டுதோறும் மழைச் செய்தியைக் கவனித்துக்கொண்டிருப்போம்.

வனத்துறை அனுமதி வாங்க வேண்டுமா?

பொதுச் சாலைகளிலும் ஊர்களை இணைக்கும் பாதைகளிலும் நடப்பதற்கு வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் நுழைவதாக இருந்தால் கட்டாயம் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. அந்தத் துயரத்தை நினைவில் வைத்திருக்கிற எவரும் இந்த அனுமதியை வெறும் காகித வேலையாக எண்ணமாட்டார்கள்.

2024 அக்டோபரில் இணையவழி முன்பதிவுடன் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை அரசு திறந்தது. சேலம் மாவட்டமும் அதில் இடம்பெற்றிருக்கிறது. உள்ளூர் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார். காட்டுக்குள் போக விரும்பினால் இதுதான் நேர்வழி. தீப்பிடிக்கும் கோடை நாள்களில் இவை மூடப்படும்.

காபித் தோட்டத்துக்குள் புகுந்து போனால் தூரம் குறையுமாமே?

குறையும், ஆனால் அது இன்னொருவருடைய நிலம். ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து மலையின் பெரும்பகுதி தோட்டங்களாகவே இருக்கிறது. வாயிலில் காவலர் இருந்தால் கேளுங்கள். பெரும்பாலும் “வேலி ஓரமாகப் போங்கள்” என்று வழிவிடுவார்கள். யாரும் இல்லையென்றால் சாலையிலேயே செல்லுங்கள். காட்டெருமைக்காக மின்வேலி போட்ட தோட்டங்களும் உண்டு என்பதால், குறுக்கே புகுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒரு பழத்தையும் பறிக்காதீர்கள், மிளகுக் கொடியைத் தொடாதீர்கள்.

புது ஷூ வாங்க வேண்டுமா? வேறு என்ன எடுத்துவர வேண்டும்?

புதிதாக வாங்கினால் நடைக்கு மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். ஆனால் புது ஷூவைவிட, பல ஆண்டு பெட்டியில் கிடந்த பழைய ஷூவைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஒரு முறை நாகலூர்ப் பக்கம் நடக்கையில் என் தோழர் ஒவ்வோர் எட்டுக்கும் ‘சப் சப்’ என்ற ஒலியுடன் வந்தார். திரும்பிப் பார்த்தால், வலது காலின் அடித்தோல் முன்பக்கம் முழுதும் வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் புதிதாகவே இருந்த அந்த ஷூவின் பசை, பயன்படுத்தாமல் கிடந்தே பொடியாகிப்போயிருந்தது. பையைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, ஷூவைச் சுற்றி மூன்று கட்டுப் போட்டு, நான்கு கிலோமீட்டர் தள்ளாடிச் சாலைக்கு வந்தோம். அன்று முதல் நடைக்கு முந்தின நாள் ஷூவை இரு கையாலும் வளைத்துப் பார்க்காமல் நாங்கள் புறப்படுவதில்லை. இரண்டு மீட்டர் கயிறும் பையில் எப்போதும் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக: தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, ஒரு டார்ச், ஒரு விசில், முழு சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, கட்டுத்துணி, அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு கைத்தடி. பல சரிவுகளில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது என்பதால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எவ்வளவு? சாப்பாட்டுக்குக் கடை இருக்குமா?

அரை நாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், மார்ச் முதல் மே வரை மூன்று லிட்டர். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மேலே ஊரும் தோட்டமும் இருக்கின்றன. வியர்த்துத் தலை சுற்றினால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து கலந்து, நிழலில் உட்கார்ந்து சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்பையும் சர்க்கரையையும் வீட்டிலேயே அளந்து பொட்டலம் கட்டிக்கொண்டால் வழியில் தடுமாற வேண்டாம்.

ஊர்களில் சிறு கடைகள் உண்டு, ஆனால் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. புளிச்சாதம் கெடாது, தயிர்ச்சாதம் உடம்புக்குக் குளிர்ச்சி. சேலத்துக்காரர்கள் என்பதால் தட்டுவடையை ஒரு டப்பாவிலும், துருவிய காரட், பீட்ரூட்டையும் சட்னியையும் வேறு வேறு டப்பாக்களிலும் கொண்டுபோய், பாறை மேல் உட்கார்ந்து செட் போட்டுச் சாப்பிடுவோம். வீட்டிலேயே சேர்த்துவிட்டால் ஊறிப்போகும். இலையைத் தவிர எதையும் மலையில் விட்டுவர வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

அவர் வேகமாக நடப்பார், நான் மெதுவாக நடப்பேன். இருவருக்கும் எரிச்சல் வராதா?

மெதுவாக நடப்பவர் முன்னால் செல்ல வேண்டும், வேகமானவர் பின்னால் வர வேண்டும். மாற்றிச் சென்றால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு மலையிலும் பார்க்கலாம். வேகமானவர் முன்னே போய் ஒரு கல்லில் உட்கார்ந்து இளைப்பாறுவார்; மெதுவானவர் மூச்சிரைக்க வந்து சேர்கிற நொடியில் அவர் ஓய்வு முடிந்து எழுந்து நடப்பார். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. நேரக் கணக்கையும் மெதுவானவரின் வேகத்தை வைத்தே போட வேண்டும்.

எப்போதும் பேசிக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. நாங்கள் அரை மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் நடந்திருக்கிறோம். ஒருவர் இன்னொருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தவறக் கூடாது.

ஊர்க்காரர்கள் “பக்கந்தான்” என்கிறார்கள். நம்பி நடக்கலாமா?

வழியை நம்புங்கள், தூரத்தை நம்பாதீர்கள். ஒரு பாட்டி விறகுக் கட்டோடு எதிரே வந்து, “அந்தா தெரியுதே சாமி, அந்த மேட்டத் தாண்டுனா ஊரு” என்றார். எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவர் பொய் சொல்லவில்லை. தினமும் அந்த மேட்டைத் தாண்டுகிற அவர் காலுக்கு அது பக்கம்தான். எனவே “எவ்வளவு தூரம்?” என்று கேட்பதைவிட, “நாங்கள் நடந்தால் இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா?” என்று கேளுங்கள். உங்கள் முகத்தையும் காலையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சரியான விடையைச் சொல்வார்கள்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

போய்த் திரும்பும் நடையாக இருந்தால், திரும்பும் நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சேலம் பகுதியில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, ஜூனில் 6.40 தாண்டுகிறது. மலைச்சரிவிலும் மர நிழலிலும் அதற்கு அரை மணி முன்பே இருட்டும். ஆகவே எந்தப் பருவத்திலும் மாலை 4 மணிக்குத் தார்ச்சாலையில் கால் வைத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

முடிவு செய்த நேரம் வந்தால், உச்சி இருநூறு மீட்டரில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். களைத்த நேரத்தில் எடுக்கிற முடிவைவிடக் காலையில் தெளிந்த தலையோடு எடுத்த முடிவே நம்பத் தகுந்தது.

திடீரென்று பனிமூட்டம் மூடிவிட்டால் என்ன செய்வது?

நிற்பதுதான் முதல் வேலை. ஒரு மழைக்காலத்தில் இருபது அடி முன்னால் நடந்துகொண்டிருந்த என் தோழரின் நீலச் சட்டை முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு இல்லாமலேயே போயிற்று. கூப்பிட்டால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே புரியவில்லை. விசிலை ஊதி ஊதித்தான் சேர்ந்தோம். சேர்ந்த பிறகு, சில்வர் ஓக் மரம் ஒன்றின் கீழ் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூட்டம் தானாகவே கலைந்தது. பார்வை மறைந்த நேரத்தில் நடக்கக் கூடாத இடங்கள் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் போன்ற மலை விளிம்புகள். தெளிந்த நாளில் லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் நகரமும் சில சமயம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். மூட்டத்தில் விளிம்பே தெரியாது.

காட்டெருமை, பாம்பு, தேனீ, அட்டை என்று பயமுறுத்துகிறார்களே?

அட்டையால் ஆபத்து இல்லை. காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொள்ளுங்கள், ஏறிவிட்டால் நகத்தால் நெம்பி எடுங்கள். காட்டெருமையை உண்மையாகவே மதிக்க வேண்டும். வளர்ந்த ஆண் ஒரு டன் எடை வரை இருக்கும். தனியாக நிற்கும் ஆணிடமும் கன்றோடு இருக்கும் பசுவிடமும் படம் எடுக்க நெருங்காமல், முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள். பாறையில் மலைத்தேன் கூடு தொங்கினால் அருகே புகைபிடிப்பதோ கல்லெறிவதோ கூடாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் தொலைவுக்கு ஓடுவதே வழி.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஆகிய மூன்றும் தவறு. கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் காலை அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நச்சுமுறிவு மருந்துதான் சிகிச்சை.

ஓர் இடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் முடித்தால், வண்டிக்கு எப்படித் திரும்புவது?

வண்டியை முடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, பேருந்திலோ ஆட்டோவிலோ தொடங்கும் இடத்துக்குப் போங்கள். அப்போது நடையின் கடைசியில் எந்தப் பேருந்துக்காகவும் ஓட வேண்டியிருக்காது. மலைக் கிராமங்களுக்கு ஒரு நாளில் வரும் பேருந்துகள் குறைவு. நேரத்தை முதல் நாளே ஏற்காடு பேருந்து நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

இருவர் மட்டுமே இருக்கும்போது ஒருவருக்கு அடிபட்டால், மற்றவர் விட்டுவிட்டு உதவிக்குப் போகலாமா?

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது இது. மூவர் இருந்தால் ஒருவர் துணைக்கு இருக்க, ஒருவர் போகலாம். இருவர் என்றால் அந்த வசதி இல்லை, அதனால்தான் இருவராக நடக்கிறவர்கள் மனிதர் நடமாட்டமுள்ள பாதைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முதலில் விசில்: ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. தோட்ட வேலைக்காரர்கள் காதில் விழ வாய்ப்பு அதிகம். அரை மணி நேரம் யாரும் வராவிட்டால், அடிபட்டவர் நினைவோடும் பேசும் நிலையிலும் இருந்தால் மட்டுமே விட்டுச் செல்லலாம். தண்ணீர், மழைச்சட்டை, டார்ச், விசில் எல்லாவற்றையும் அவரிடமே வைத்து, இருக்கும் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். நினைவு தவறுகிறவரையோ இரத்தம் நிற்காதவரையோ விட்டுப் போகக் கூடாது.

இதற்காகவே வீட்டில் மூன்றாவது ஒருவர் வேண்டும். நேரக் கணக்கு எழுதிய அந்தத் தாளின் நகல் என் மனைவியிடம் இருக்கும். மாலை 6 மணிக்குள் என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்கும்.

சேலம் அடிவாரத்திலிருந்தே ஏறிப் போக ஆசை. பகுதி நடையில் அதைச் சேர்க்கலாமா?

அதை முதல் நடையாகச் செய்யாதீர்கள். நெய்ஸ்மித் கணக்கில் பார்த்தால் 1,200 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் கூடுகிறது. நம் பாதிக் கூட்டலோடு மூன்று மணி நேரம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் நடப்பது வண்டிகளால் ஆபத்து. மரங்களுக்குள் புகும் பழைய குறுக்கு வழிகள் காப்புக்காட்டுக்குள் செல்வதால் அனுமதி பற்றி மேலே சொன்னது முழுமையாகப் பொருந்தும். மேலே ஐந்தாறு பகுதிகளை நடந்து கால் பழகிய பிறகு, வழிகாட்டியோடு போங்கள்.

பாதியிலேயே நண்பர் “போதும், திரும்பலாம்” என்றால் சமாதானப்படுத்த வேண்டுமா?

வேண்டாம். “ஏன்?” என்று ஒரு முறைகூடக் கேட்காமல் திரும்புவது எங்கள் இருவருக்கும் உள்ள உடன்பாடு. நெஞ்சில் ஒரு சிறு வலி இருந்தும் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, “களைப்பாக இருக்கிறது” என்று மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கடைசி நடை மஞ்சகுட்டைக்குப் போகும் வழியில், ஒரு டீக்கடையின் கல் பெஞ்சில் முடிந்தது. என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தோழர் இரண்டு டீ சொன்னார், கைப்பேசியில் அந்தப் பெஞ்சைப் படமெடுத்தார், பேருந்து வருகிற வரை ஊர்க்கதை பேசினோம். அடுத்த மாதம் அந்தப் பெஞ்சிலிருந்து தொடங்குகிறோம்.